கட்டிய அபராதத்துக்குக் காரணம் எழுதித் தாருங்கள்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இன் கீழ் அபராத ஆணை பிறப்பிக்கும் மாவட்டத் தீர்ப்பு அதிகாரிகளுக்கும், மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கும்,

போன வாரம் எங்கள் பகுதியில் வீட்டிலிருந்தபடியே பொடி, ஊறுகாய், பலகாரம் செய்து விற்பவர்களைக் கூப்பிட்டு உங்கள் துறை ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியது. கை கழுவுவது, தலைக்குத் துணி கட்டுவது, எண்ணெயை எத்தனை முறை காய்ச்சலாம் என்பதெல்லாம் நன்றாகவே சொல்லித் தந்தார்கள். முடிவில் ஒரு பெண் எழுந்து, "அபராதம் தப்பா வந்திருக்குன்னு நினைச்சா நாங்க என்ன பண்ணணும் சார்?" என்று கேட்டார். மேடையில் இருந்த அலுவலர், "கட்டிட்டுப் போறதுதாம்மா நல்லது, மேல்முறையீடு அது இதுன்னு அலைஞ்சா அதைவிட அதிகமா செலவாகும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். அது உண்மையாக இருப்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. ஏனென்றால் நான் அப்படிக் கட்டிவிட்டு வந்தவள்.

நானும் என் நாத்தனாரும் ஆறு வருடமாக இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்து விற்கிறோம். பதிவுச் சான்று இருக்கிறது, ஒரு வருடம்கூடப் புதுப்பிக்கத் தவறியதில்லை. போன வருடம் ஜனவரியில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து 200 கிராம் இட்லிப் பொடி பாக்கெட்டுகளை மாதிரிக்கு எடுத்தார். அங்கேயே நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார், எடுத்த பாக்கெட்டுகளுக்குச் சட்டப்படி விலையும் கொடுத்தார், மரியாதையாகப் பேசினார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒன்றை மட்டும் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எடுத்த மாதிரியை நான்கு பாகமாகப் பிரிக்க வேண்டும், அதில் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறதாம். அப்படி ஒரு உரிமை இருப்பதே எனக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

மார்ச் மாதம் ஆய்வறிக்கை வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும் என் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்தபோதுதான் அதை வாசித்துச் சொன்னாள். பொடியில் கலப்படம் இல்லை, நிறம் சேர்க்கவில்லை, பூச்சி இல்லை. குறை லேபிளில். சைவ உணவு என்று காட்டும் பச்சைப் புள்ளி 3 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கிறது, 4 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும், ஆகவே இது 'மிஸ்பிராண்டட்', அதாவது லேபிள் விதிப்படி இல்லாத உணவு. அவ்வளவுதான்.

அந்தப் புள்ளி எப்படிச் சின்னதானது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விசாரணையில் இதைச் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. லேபிளின் முகப்புப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரை இருந்தால் புள்ளி 3 மில்லிமீட்டர் போதும், அதைத் தாண்டினால் 500 வரை 4 வேண்டும். நாங்கள் முதலில் விற்றது 50 கிராம் பாக்கெட். அதன் முகப்பு ஏழுக்குப் பத்து, அதாவது 70 சதுர சென்டிமீட்டர், அதற்கு 3 மில்லிமீட்டர் புள்ளி சரி. பிறகு 200 கிராம் பாக்கெட் போட்டபோது அச்சகத்தில் எழுத்தை எல்லாம் பெரிதாக்கிவிட்டுப் புள்ளியை மட்டும் பழைய லேபிளிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிட்டார்கள். நானும் அளவுகோல் வைத்துப் பார்க்கவில்லை. அது என் தவறுதான், மறுக்கவில்லை. அறிக்கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்த நான்காவது நாளே புது லேபிள் அடித்துவிட்டோம், 3,400 ரூபாய் ஆனது, பழைய லேபிள் சுருளை அப்படியே ஓரம் கட்டினோம். புது லேபிளையும் அச்சகப் பில்லையும் ஒரு கடிதத்தோடு, மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புப் பணிக்குப் பொறுப்பான நியமன அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை என்னிடம் இருக்கிறது.

ஆய்வறிக்கையில் உடன்பாடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் படிவம் 8-இல் நியமன அலுவலரிடமே மேல்முறையீடு செய்யலாம் என்று விதி இருக்கிறது. அறிக்கையோடு வந்த கடிதத்தில் அதுவும் ஒரு வரியாக இருந்தது, ஆங்கிலத்தில். அண்ணன் மகள் வந்து வாசித்த நாளில் 30 நாள் தாண்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. எனக்குப் புள்ளியின் அளவில் சண்டை இல்லை என்பதால் அதனால் எனக்கு நஷ்டம் இல்லை. ஆனால் அதே கடிதம் பொடியில் ஏதோ கலந்திருக்கிறது என்ற தவறான முடிவோடு வந்திருந்தால்? எனக்குத் தெரிந்து இரண்டு பேருக்கு அப்படி வந்திருக்கிறது, அவர்களும் கடிதத்தை மருந்துக் கடைக்காரரிடம் காட்டி என்னவென்று கேட்டவர்கள்தான்.

ஜூலையில் தீர்ப்பு அதிகாரியிடம் விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. காலை பத்தரைக்கு வரச் சொன்னார்கள், நாங்கள் பத்து மணிக்கே போய்விட்டோம், கூப்பிட்டபோது மூன்றே கால். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த அதிகாரிக்கு நிலம், பட்டா, நிவாரணம், தேர்தல் என்று ஆயிரம் வேலை இருப்பதைக் கண்ணால் பார்த்தேன். உள்ளே போனதும் எழுத்தர் என் பெயரை வாசித்தார். அதிகாரி, "லேபிள்ல தப்பு இருக்கு, ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டார். "புள்ளி சின்னதா இருந்தது உண்மைதான் சார், ஆனா உடனே..." என்று ஆரம்பித்தேன். "ஒத்துக்கறாங்க, எழுதிக்கோங்க" என்றார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். புது லேபிளும் பில்லும் என் கைப்பையிலேயே இருந்தன. நான் உள்ளே நின்றது இரண்டு நிமிடம் இருக்கும், அதற்குமேல் இல்லை.

சட்டத்தின் 68-ஆம் பிரிவு, கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் பதவிக்குக் குறையாத ஒருவர்தான் தீர்ப்பு அதிகாரியாக இருக்க வேண்டும் என்கிறது. சம்பந்தப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுத்து, விசாரித்து, அப்புறம்தான் அபராதம் விதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இவ்வளவு மூத்த அதிகாரியிடம் இந்த வேலையைக் கொடுத்ததே அவர் எடைபோட்டுப் பார்ப்பார் என்பதற்காகத்தானே? "ஆனா உடனே" என்று நான் ஆரம்பித்த வாக்கியம்தான் அவர் எடைபோட வேண்டியிருந்த விஷயம்.

செப்டம்பர் கடைசியில் ஆணை வந்தது. அபராதம் 25,000 ரூபாய். இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க மாதிரி எடுத்த தேதி, ஆய்வக எண், சட்டப் பிரிவுகள். இரண்டாம் பக்கத்தில், எதிர்மனுதாரர் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் 52-ஆம் பிரிவின் கீழ் இந்த அபராதம் விதிக்கப்படுகிறது என்று ஒரு பத்தி. ஏன் 25,000? ஏன் 5,000 இல்லை, ஏன் 50,000 இல்லை? ஒரு சொல்கூட இல்லை. நான் அனுப்பிய கடிதத்தைப் பற்றியும் இல்லை. அதே நாளில் விசாரணைக்கு வந்தவர்களில் ஏழு பேரோடு நான் பேசியிருந்தேன், எல்லோரும் நாள் முழுக்க ஒரே பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தோம். அவர்களில் மூன்று பேருக்கு அதே 25,000. ஒருவர் நல்லெண்ணெய் என்று எழுதி வேறு எண்ணெய் கலந்து விற்றவர், அதை அவரே என்னிடம் சொன்னார். அவருக்கும் எனக்கும் ஒரே தொகை.

இந்த இடத்தில்தான் எனக்கு உங்கள் மேல் கோபம். கலப்படக்காரர்களுக்கு நீங்கள் போடும் அபராதம் போதாது என்று நினைப்பவள் நான். நல்ல பருப்பு, நல்ல மிளகாய், நல்ல பெருங்காயம் வாங்கி அரைத்தால் ஒரு பாக்கெட்டில் எங்களுக்கு நிற்பது சில ரூபாய்தான். நிறம் கலந்த மிளகாய்த்தூளில் பொடி செய்பவர் என் விலையைவிடக் குறைத்துக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கு 25,000 என்பது ஒரு மாதக் கலப்பட லாபம், செலவுக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த மாதம் மறுபடி கலப்பார். எனக்கு அது ஏறக்குறைய மூன்று மாத வருமானம், நாத்தனாரின் பங்கையும் சேர்த்து. ஒரே தொகையை எல்லோர் மீதும் போட்டால் தண்டனை சரியான ஆளைச் சுடாமல் தவறான ஆளைத்தான் சுடும்.

சட்டம் உங்களை அப்படிப் போடச் சொல்லவில்லை. 52-ஆம் பிரிவு லேபிள் குறைக்கு 3 லட்சம் ரூபாய் வரை என்கிறது. 'வரை' என்றுதான் சொல்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து 3 லட்சம் வரை எங்கே நிறுத்துவது என்பதை 49-ஆம் பிரிவு உங்கள் கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறது. அண்ணன் மகள் அதை எனக்குத் தமிழில் சொன்னபோது, இது எனக்காகவே எழுதியது போல இருக்கிறதே என்று நினைத்தேன். மீறலால் என்ன லாபம் அடைந்தார் என்று பார்க்கச் சொல்கிறது: ஒரு மில்லிமீட்டர் பச்சை மையை மிச்சப்படுத்தி நான் எதுவும் சம்பாதிக்கவில்லை. யாருக்கு என்ன நஷ்டம், நஷ்டம் வர வாய்ப்பாவது உண்டா என்று பார்க்கச் சொல்கிறது: சைவப் பொடியை அசைவம் என்று நினைத்து வாங்காமல் போனால் நஷ்டம் எனக்குத்தான், அப்படி யாரும் நினைக்கவும் இல்லை, புள்ளி கண்ணுக்குத் தெரியும்படிதான் இருந்தது. திரும்பத் திரும்ப நடந்ததா என்று பார்க்கச் சொல்கிறது: ஆறு வருடத்தில் இதுதான் முதல் முறை. தெரியாமல் நடந்ததா என்று பார்க்கச் சொல்கிறது: அச்சகப் பில்லும் இரண்டு லேபிள்களும் அதற்குச் சாட்சி. பொருத்தமான வேறு எதையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது: நான்கே நாளில் திருத்திக்கொண்டேன் என்பதைவிடப் பொருத்தமானது என்ன இருக்க முடியும்? இவற்றில் ஒன்றுக்குக்கூட என் ஆணையில் ஒரு வரி கிடையாது. 49-ஆம் பிரிவைக் கருத்தில் கொண்டே தீர்ப்பு அதிகாரி அபராதத்தை முடிவுசெய்ய வேண்டும் என்று 68-ஆம் பிரிவே சொல்கிறது. கருத்தில் கொண்டீர்களா இல்லையா என்பது நீங்கள் எழுதினால்தானே எங்களுக்குத் தெரியும்?

1969-இல் இந்துஸ்தான் ஸ்டீல் நிறுவனத்துக்கும் ஒரிசா மாநிலத்துக்கும் இடையிலான விற்பனை வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டத்தில் அபராதம் போட இடம் இருக்கிறது என்பதற்காகவே போட்டுவிடக் கூடாது. வேண்டுமென்றே சட்டத்தை மீறினாரா, நேர்மையில்லாமல் நடந்தாரா, கடமையை அலட்சியம் செய்தாரா என்று பார்க்க வேண்டும். வெறும் நடைமுறைப் பிழையாகவோ மன்னிக்கத்தக்க சிறு மீறலாகவோ இருந்தால் அபராதமே போடாமல் விடவும் அதிகாரிக்கு நியாயம் உண்டு என்பது அதன் சாரம். அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்ட மாணவர்கள் பாடமாகப் படிக்கும் தீர்ப்பு. அந்த வழக்கில் பயன் அடைந்தது பெரிய நிறுவனம். அந்த நியாயம் அரைவை மிஷின் வரை இறங்கி வரக் கூடாதா?

அபராதத்துக்கு முன்னாலேயே வேறு வழிகளும் உங்களிடம் இருக்கின்றன. 32-ஆம் பிரிவில் திருத்த நோட்டீஸ் கொடுக்கலாம், குறையைச் சொல்லி, சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாமல் அவகாசம் தரலாம். எனக்கு அதில் நான்கு நாளே போதுமானதாக இருந்தது. 69-ஆம் பிரிவில், தாங்களே செய்து விற்கும் சிறு உற்பத்தியாளர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், தெருவோரக் கடைக்காரர்கள் ஆகியோரிடம் ஒரு சமரசத் தொகை வாங்கிக்கொண்டு விஷயத்தை முடிக்க நியமன அலுவலருக்கு ஆணையர் அதிகாரம் தரலாம். அந்தப் பிரிவு இருப்பதையே அன்று அலுவலகத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மேல்முறையீட்டுக்கும் முயன்றேன். ஆணையில் இருந்த தேதிக்கும் தபால் உறையின் மேல் இருந்த முத்திரைக்கும் நடுவே 22 நாள் இடைவெளி. காலக்கெடு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும் என்று அலுவலகத்தில் கேட்டேன், ஒருவர் ஆணைத் தேதி என்றார், இன்னொருவர் கைக்குக் கிடைத்த தேதி என்றார். வழக்கறிஞர் 15,000 கேட்டார், அவரும் சும்மா கேட்கவில்லை, மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம், குறைந்தது நான்கைந்து தடவை போக வேண்டியிருக்கும். அதற்குள் அபராதம் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று 96-ஆம் பிரிவைக் காட்டினார்கள்: நில வருவாய் பாக்கி போல வசூல் செய்யலாம், கட்டும் வரை உரிமம் நிறுத்தி வைக்கப்படும். என்னிடம் இருப்பது உரிமம் இல்லை, பதிவுச் சான்றுதான். அதற்கும் அதே கதிதான் என்றார்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது, வருடத்தின் பாதி விற்பனை அந்த மாதத்தில்தான். நாத்தனார் தன் வளையலை அடகு வைத்தாள். வரைவோலை எடுத்துக் கொடுத்தோம். ரசீது வாங்க மறுபடி இரண்டு முறை போக வேண்டியிருந்தது.

இனி ஒரு பயம் மட்டும் பாக்கி இருக்கிறது. நாளைக்கு வேறு ஏதாவது சிறு குறை வந்தால், இவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர், திரும்பத் திரும்பச் செய்பவர் என்று இதே ஆணையை எனக்கு எதிராகவே காட்டுவார்கள். பணம் கட்டியது பிழைப்புக்காக. புள்ளி சின்னதாக இருந்ததை ஒப்புக்கொண்டேன். 25,000 ரூபாய்க்கு நான் குற்றவாளி என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.

தீர்ப்பு அதிகாரிகளே, நீங்கள் போடும் ஒவ்வொரு அபராத ஆணையிலும் 49-ஆம் பிரிவு கேட்கும் விஷயங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாவது, உங்கள் பதிலை எழுதுங்கள். நீங்கள் 40,000 போட்டாலும் சரி, காரணம் இருந்தால் நாங்கள் புரிந்துகொள்வோம், தவறென்றால் மேலே எதை எதிர்த்துப் பேசுவது என்றாவது தெரியும். விசாரணையில் 'ஒத்துக்கறீங்களா' என்ற கேள்விக்குப் பிறகு, 'வேறு ஏதாவது சொல்ல இருக்கா, காகிதம் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா' என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள். சொன்னதைப் பதிவு செய்து, அதன் நகலை அன்றே கையில் கொடுங்கள்.

ஆணையரே, உங்களிடம் கேட்பது கொஞ்சம் அதிகம். மாதிரி எடுக்கும் நோட்டீஸ், ஆய்வறிக்கையோடு போகும் கடிதம், அபராத ஆணை மூன்றோடும் தமிழில் ஒரு பக்கம் இணைக்க உத்தரவிடுங்கள். மாதிரியின் ஒரு பாகத்தை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம் என்பது, படிவம் 8, அதற்கான 30 நாள், தீர்ப்பாயம் எங்கே இருக்கிறது, காலக்கெடு எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் அடங்கும். உடல்நலத்துக்குத் தீங்கில்லாத, முதல் முறையான லேபிள் குறைகளுக்கு முதலில் திருத்த நோட்டீஸ், அதையும் மதிக்காவிட்டால் மட்டுமே தீர்ப்பு அதிகாரி என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். 69-ஆம் பிரிவின் அதிகாரம் எந்தெந்த மாவட்ட நியமன அலுவலர்களுக்குத் தரப்பட்டிருக்கிறது என்று வெளியிடுங்கள், தரப்படாத மாவட்டங்களுக்குத் தாருங்கள். ஆணையில் போடும் தேதிக்கும் தபாலில் சேர்க்கும் தேதிக்கும் இடையே மூன்று நாளுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்தக் குறைக்கு எவ்வளவு அபராதம் போடப்பட்டது என்பதை, பெயர்களை விட்டுவிட்டு, பட்டியலாக வெளியிடுங்கள். கலப்பட எண்ணெயும் பச்சைப் புள்ளியும் ஒரே வரிசையில் வருகிறதா இல்லையா என்று எல்லோரும் பார்க்கட்டும்.

எனக்கென்று கேட்பது இரண்டு. புது லேபிள் அடித்ததும் நான் அனுப்பிய கடிதத்தையும் புது லேபிளையும் அச்சகப் பில்லையும் என் கோப்பில் சேர்த்து, சேர்த்ததாக எழுத்தில் தெரிவியுங்கள். 25,000 என்ற தொகை எப்படி வந்தது என்பதையும் எழுத்தில், தமிழில், சொல்லுங்கள். ஆணை எண்ணும் தேதியும் போட்டு இந்த மடலின் கையெழுத்துப் பிரதியை இன்று பதிவுத் தபாலில் உங்கள் இரு அலுவலகங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். 30 நாள் காத்திருப்பேன். அதன் பிறகு இதே இரண்டு கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு உற்பத்தியாளர்